பம்பின் சீலும் தாய்மாமன் மடியும்

என் மூத்த மகளுக்குக் காது குத்திய கதையைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு லாரியின் எண்ணெய் பம்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். காதுக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்று என் பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அவர்களுக்கு லாரி என்றால் சாவியைத் திருப்பினால் கிளம்புகிற ஒரு சாமான். எங்களுக்கு அது வீட்டில் ஓர் ஆள்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்த சமயம் அது. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் எங்கள் ஊர். வெற்றிலைக் கொடிக்கால்தான் ஊருக்கே சோறு. அந்த வெற்றிலையைச் சேலம் மண்டிக்குக் கொண்டுபோக என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் கூட்டுச் சேர்ந்து ஒரு பட்டாளத்து லாரியை வாங்கினார்கள். வீட்டுக்காரர் யுத்த காலத்தில் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸை ஓட்டியவர். அண்ணன் வேலூர் அரிசி மில்லில் ஆயில் எஞ்சின் பார்த்தவர். அண்ணன் தன் உழவு மாடுகளை விற்றார். என் கழுத்தும் கையும் காலியாயின. எனக்கு அதில் துளி வருத்தம் இல்லை. புருஷனும் அண்ணனும் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்பி வருவதைப் பார்க்க எந்தப் பெண்ணுக்குக் கசக்கும்?

குருடாயிலில் ஓடுகிற வண்டி அது. டீசல் என்ற பேரெல்லாம் அப்போது எங்கள் வாயில் வராது. எஞ்சினின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு பம்பு இருந்தது. ஆறு சிலிண்டருக்கும் இவ்வளவு எண்ணெய் என்று அளந்து பீய்ச்சுவது அதன் வேலை. இதற்கு மேல் போகாதே என்று தடுக்கிற ஒரு திருகு அதன் முனையில் உண்டு. அந்தத் திருகை யாரும் தொடக் கூடாது என்று கம்பி கோர்த்து, ஈயத்தால் சீல் வைத்திருந்தார்கள். இதெல்லாம் அடுப்படியில் இருந்தவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் சோற்றோடு பிசைந்து தின்றது இந்தப் பேச்சைத்தான்.

இரண்டு பேருக்கும் குணம் நேர் எதிர். வீட்டுக்காரருக்கு எல்லாம் சட்டென்று ஆக வேண்டும். கல்யாணப் பந்தலில் மேளக்காரர் சுதாரிப்பதற்குள் தாலியைக் கட்டிவிட்ட மனிதர். அண்ணனுக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். குருடாயிலை வேட்டித் துணியில் வடிகட்டாமல் டேங்கில் ஊற்ற விடமாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவி, சந்தனம் குழைத்து, கண்ணாடி, ஸ்டியரிங், சக்கரங்கள் என்று வரிசையாகப் பொட்டு வைத்து வருவார். கடைசியாக டேங்க் மூடி. வண்டி சாப்பிடுகிற வாய் அதுதான், அதற்குப் பொட்டில்லாமலா என்பார். மூடியின் நட்ட நடுவில் ஒரு சின்னக் குழி இருந்தது, பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி. அதில் கட்டியாகச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் இடுவார். அதற்குள் இவர், என் வீட்டுக்காரர், ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்து ஹாரனை அடித்துத் தெருவையே எழுப்பிவிடுவார். நான் வாசலில் நின்று சிரிப்பேன்.

வாங்கிய புதிதில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. சில மாதம் கழித்து ஒரு சீக்கு வந்தது. கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. நாமக்கல் தாண்டி ராசிபுரம் நெருங்கும்போது மூச்சு வாங்க ஆரம்பிக்கும். மிதித்தால் முக்கும், ஏற்றத்தில் மாட்டு வண்டிக்காரன் முந்திக்கொண்டு போவான். ஓரமாக நிறுத்தி, வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு எடுத்தால் மறுபடி கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி முக்கும். ஆட்கள் பொறுப்பார்கள், வெற்றிலை பொறுக்குமா? கட்டுக்குள் சூடேறி வெந்துவிடும். மண்டியில் மூக்கைச் சுளித்தார்கள். கொடிக்கால்காரர்கள் வேறு வண்டி பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆளாளுக்கு வைத்தியம் செய்தோம். வேடிக்கை என்னவென்றால் எந்த வைத்தியம் செய்தாலும் அன்றைக்கு முதல் ஒரு மணி நேரம் வண்டி நன்றாக ஓடும். அண்ணன் வடிகட்டியைக் கழுவினார், ஓடியது. இவர் எஞ்சின் எண்ணெயை மாற்றினார், ஓடியது. நான்கூட ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டேன். அன்றைக்கும் ராசிபுரம் வரை ராஜா மாதிரிதான் போயிருக்கிறது. அதனால் அவரவருக்கு அவரவர் வைத்தியத்தின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

சேலத்தில் வண்டி பழுது பார்க்கிற ஒரு பிட்டர் இவர் காதில் ஓதினார். சீலை அறுத்து அந்தத் திருகைக் கொஞ்சம் விட்டால் எண்ணெய் கூடுதலாகப் போகும், வண்டி பறக்கும், ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான் என்று. இவருக்குக் கேட்க வேண்டுமா? அண்ணன் கேட்டதும் முடியாது என்றுவிட்டார். சீலில் கை வைப்பதென்றால் பம்பைக் கழற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே சோதிக்கிற மேடையில் பூட்டிச் சுற்றவிட்டு, ஆறு வாயிலும் வருகிற எண்ணெயைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து அளந்துதான் வைக்க வேண்டும், அதற்கும் முன்னால் டேங்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டும் என்றார். பார்க்கவும் பார்த்தார். முதலில் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு எண்ணெய் மட்டம் பார்ப்பார். பிறகு குழாயைக் கழற்றுவார். எண்ணெய் ஜம்மென்று கொட்டும். டேங்க் சுத்தம், குழாய் சுத்தம், வடிகட்டி சுத்தம். அப்புறம் எங்கேதான் கோளாறு? அவருக்கே தெரியவில்லை.

ஒருநாள் வாசலில் வைத்து வார்த்தை தடித்துவிட்டது. மில்லில் நிற்கிற எஞ்சினைப் பார்த்தவருக்கு ஓடுகிற வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று இவர் கேட்டுவிட்டார். அண்ணன் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. அன்றும் சத்தம் போடவில்லை.

"அந்தச் சீலை அறுத்தீங்கன்னா, நம்ம கூட்டையும் அறுத்த மாதிரிதானுங்க மாப்ளே" என்றார்.

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. வண்டி மட்டும் ஓடியது. ஒரே வண்டியில் போவார்கள், ஒரே வெற்றிலைக் கட்டை இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றுவார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் எல்லாம் என் வழியாகத்தான். "அம்மிணி, டயருக்குக் காத்து அடிக்கோணும்னு சொல்லு" என்பார் அண்ணன். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற இவர், "அடிச்சாச்சுன்னு சொல்லு" என்பார். நான் சொல்ல வேண்டுமாம். இரண்டு தடிமாடுகளுக்கு நடுவில் தபால்காரி வேலை! சிரிப்பாகவும் வரும், அழுகையாகவும் வரும்.

மகளுக்கு அந்தத் தை மாதம் மொட்டையடித்துக் காது குத்துவதாக வேண்டுதல். மேச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் காது குத்தே இல்லை. இவர் ஏதோ கோபத்தில், மடிக்கா பஞ்சம், என் பெரியப்பன் மகன் மடியில் உட்கார வைத்தால் ஆகாதா என்று சொல்லிவிட்டார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

"ஏனுங்க மாமா, என்ற அண்ணன் மடி இல்லீன்னா இவ காதுல ஊசி படாதுங்க. சொல்லிப்போட்டேன்."

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அன்று அந்தக் கருகல் குழம்பையே வழித்துச் சாப்பிட்டார். அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். வந்து உட்கார்கிறேன், அது என் கடமை என்றார். ஆனால் காது குத்து முடிந்ததும் வண்டியை விற்றுக் கூட்டைப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பிரித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் மச்சானும் மாப்பிள்ளையும் கூட்டுப் பிரிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் நல்லது கெட்டதுக்குக்கூட வருவதில்லை. எங்கள் அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று எனக்கு இருந்தது அந்த அண்ணன் வாசல் ஒன்றுதான். அது அடைபடப் போகிறதே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிளம்புகிற அன்று டேங்கை நிரப்பிக்கொண்டார்கள். பின்னால் சொந்தபந்தம் எல்லாம் ஏறிக்கொண்டது, ஒரு கிடாயும் ஏறியது. சமையல் பாத்திரங்களை மூட்டையாகக் கட்டி, டிரைவர் முதுகுக்குப் பின்னால் உயரத்தில் இருந்த டேங்கின் மேல் வைத்து இறுக்கிவிட்டார்கள். முன்னால் இவர் ஓட்ட, அண்ணன் ஓரத்தில், பிள்ளையோடு நான் நடுவில். திருச்செங்கோடு, சங்ககிரி வரை வண்டி பறந்தது. பின்னால் கரும்புகை கிளம்பி, உறவினர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அண்ணன் புகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு புகை முந்தி வராதேன்னு கேளு அம்மிணி" என்றார். நான் கேட்கவில்லை. என் வாய்க்கும் லீவு வேண்டாமா?

எடப்பாடி தாண்டியதும் வழக்கம்போல மூச்சு வாங்கியது. ஜலகண்டாபுரத்துக்கு இந்தப் பக்கமே, வெட்டவெளியில், முக்கி முனகி நின்றே விட்டது. இதுவரை நின்றதில்லை. உச்சிவேளைக்குள் காது குத்த வேண்டும் என்று பூசாரி சொல்லி அனுப்பியிருந்தார். கூட்டம் இறங்கிப் போய்ப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு யோசனை சொன்னது. இவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றார். நான் பிள்ளையோடு வண்டியின் நிழலில், அண்ணன் பக்கத்தில் நின்றேன்.

டேங்க் மூடிமேல் பாத்திர மூட்டை இருந்ததால் அண்ணன் அன்று குச்சி விட்டுப் பார்க்கவில்லை. நேரே குழாயைக் கழற்றினார். எண்ணெய் கொஞ்சம் ஒழுகி, சொட்டுச் சொட்டாகி, நின்றுவிட்டது. அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. டேங்க் நிறைய எண்ணெய் இருக்கிறது, ஏன் வரவில்லை? மேலே ஏறி மூட்டையை அவிழ்த்துத் தள்ளிவிட்டு மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம், டேங்க் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. கீழே என் காலடியில் குழாயிலிருந்து எண்ணெய் கொட்ட ஆரம்பித்தது.

"அண்ணா, கொட்டுதுங்க" என்றேன்.

அவர் இறங்கி வந்து குழாயைப் பூட்டினார். பிறகு மூடியைத் திருப்பி, உள்பக்கமாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார். அந்தச் சின்னக் குழி பொட்டு வைப்பதற்கு இல்லை. எண்ணெய் குறையக் குறையக் காற்று உள்ளே போவதற்கான துளை அது. எண்ணெய் டப்பாவில் ஒரே துளை போட்டால் ஊற்றும்போது மக்கர் பண்ணுமே, அந்தக் கதைதான். அவர் பார்த்த மில் எஞ்சினின் டேங்க் மேலே திறந்தே கிடக்கும். அதற்கு மூடியும் இல்லை, துளையும் இல்லை. இதில் வெள்ளிக்கு வெள்ளி வைத்த சந்தனமும் குங்குமமும் குருடாயிலோடு இறுகிக் கல்லாகி அடைத்துக்கொண்டிருந்தது. கோளாறு பார்க்கும்போதெல்லாம் முதல் வேலையாக மூடியைத் திறந்துவிட்டதால் எண்ணெய் ஒழுங்காக வந்திருக்கிறது. ஒவ்வொரு வைத்தியமும் ஒரு மணி நேரம் பலித்ததும் அதனால்தான். எந்த வைத்தியமானாலும், கிளம்பும் முன் எண்ணெய் நிரப்ப மூடியைத் திறந்த புண்ணியம்.

அண்ணன் விரல் நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டித் தூக்கிப் போட்டால் போதும். வண்டி கிளம்பிவிடும். குழாயில் தூசி இருந்தது என்று சொன்னால் முறைப்படி பார்த்தவர் கண்டுபிடித்தார் என்று உலகமே மெச்சும். நிஜத்தைச் சொன்னால் இவர் என்ன ஆட்டம் ஆடுவார்! சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது. சொல்லாதீர்கள் அண்ணா என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மூடியைக் கையில் ஏந்திக்கொண்டு இவரிடம் நடந்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"மாப்ளே, இதப் பாருங்க. நான் வெச்ச பொட்டுதான் வண்டி மூச்சை அடைச்சிருக்குது. இத்தனை நாளும் தப்பு எம்மேலதானுங்க."

எத்தனையோ மாதம் கழித்து அவரிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு. இவர் மூடியை வாங்கிப் பார்த்தார். எகிறிக் குதிப்பார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இவர் முகம்தான் வெளுத்தது.

"மச்சான், அந்தச் சீலு... நான் அறுத்துட்டனுங்க" என்றார்.

எனக்கே அப்போதுதான் தெரியும். ஐப்பசியிலேயே சேலத்துப் பிட்டரிடம் போய் அறுத்து, திருகை விட்டிருக்கிறார். ராசிபுரம் வந்ததும் பழையபடி முக்கவே, முந்தின வாரம்தான் மறுபடியும் போய் இன்னும் கொஞ்சம் விட்டிருக்கிறார். அண்ணன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கப் பழைய கம்பியையே முறுக்கி, ஈயத்தை அமுக்கி வைத்திருக்கிறார். கரும்புகையின் ரகசியம் அது. அடப் பாவி மனுஷா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை. வண்டியையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். துளையைத் திறந்து, அந்தத் திருகோடு பாரத்தை ஏற்றிக்கொண்டு இவர் மிதித்திருந்தால் எஞ்சின் மூச்சு விடாமல் எண்ணெயைக் குடித்து, வெந்து, பிஸ்டன் உருகியிருக்கும். பட்டாளத்து வண்டிக்கு மாற்றுச் சாமான் எங்கே போய்த் தேடுவது? பொட்டு அடைத்திருந்ததால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதற்கு எண்ணெய் கிடைக்காமல் தப்பித்திருக்கிறது. அதை அண்ணன் விளக்கிச் சொல்லிவிட்டு, கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க திருகுக்கு என்ற பொட்டுத்தானுங்க காவலா இருந்திருக்குது" என்றார்.

இவரும் சிரித்தார். புளிய மரத்தடியில் ஒன்றும் புரியாமலே எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்து அழுதேன். பிள்ளையும் என்னைப் பார்த்து அழுதது.

திருகினதைத் திருப்பித் திருகினால் ஆச்சு என்று இவர் ஸ்பானரை எடுக்கப் போனார். பழக்கம் விடுமா? எங்கே இருந்தது என்று கணக்குத் தெரியாமல் திருப்புவதும் அறுத்ததும் ஒன்றுதான் என்று அண்ணன் தடுத்தார். கோயமுத்தூர் போகும் வரை பூப்போல மிதிக்க வேண்டும், ஏற்றத்தில் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும், புகை வந்தால் காலை எடுத்துவிட வேண்டும் என்றார். இவர் தலையாட்டினார். தாலிகட்டக்கூடக் காத்திருக்காத மனிதர் அன்று ஊர்ந்தார். ஜலகண்டாபுரத்துத் தெருவோரம் நெசவாளர்கள் வெள்ளைப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். நூலில் ஒரு கரித்துளி விழாமல் இவர் ஓட்டிக்கொண்டு போனதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பின்னால் இறங்கி நடந்து வந்த கிழவர்கள் வண்டியைத் தட்டி, நாங்கள் முன்னால் போய்ச் சோறாக்கி வைக்கவா என்று கேலி செய்தார்கள்.

உச்சிவேளை சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். அண்ணன் கையில் குருடாயில் நாற்றம் போகவில்லை. எவ்வளவு கழுவியும் போகவில்லை என்று தயங்கினார். இவர்தான் பிள்ளையைத் தூக்கிக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தார். ஊசி பட்டதும் அவள் மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். அண்ணனுக்கும் கண் கலங்கியது. கூட்டைப் பிரிக்கிற பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. அப்புறமும் எடுக்கவில்லை.

பம்பைக் கழற்றிக் கோயமுத்தூருக்கு ரயிலில் கொண்டுபோனபோது நானும் போனேன். ஒரு வருஷம் எங்கள் சோற்றைப் பங்குபோட்ட சனியனை நானும்தானே பார்க்க வேண்டும். மேடையில் பூட்டிச் சுற்றவிட்டார்கள். ஆறு கண்ணாடிக் குழாயிலும் எண்ணெய் ஏறியது, ஒன்று உயரம், ஒன்று குள்ளம், எல்லாமே அளவுக்கு மேலே. அந்தப் பட்டறைக்காரர் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, மறுபடி மறுபடி ஓட்டி, கடைசியில் ஆறும் ஒரே மட்டத்தில் நின்றபோது சாயங்காலம் ஆகிவிட்டது. புதுச் சீல் வைத்தார். வைத்துவிட்டு, பழைய சீலை அறுத்த மேதாவி யார் என்று கேட்டார். இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்கப் போனார்.

அண்ணன் முந்திக்கொண்டு, "ரெண்டு பேரும் சேந்துதானுங்க அறுத்தோம்" என்றார்.

அறுத்தால் கூட்டையே அறுத்த மாதிரி என்று சொன்ன அதே வாய். பட்டறைக்காரர் இரண்டு பேரையும் நிற்கவைத்துத் திட்டித் தீர்த்தார். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள். திரும்பும்போது ரயிலில் இவர் வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடித்து, முதலில் அண்ணன் கையில் கொடுத்தார். எனக்குக் கொடுக்க மறந்தே போனார். மறக்கட்டும் சாமி என்று இருந்தது எனக்கு.

அந்த லாரி பிறகு பல வருஷம் உழைத்து எங்கள் இரண்டு வீட்டையும் நிமிர்த்தியது. வெள்ளிக்கிழமைப் பொட்டும் நிற்கவில்லை. மூடியின் ஓரத்தில் வைத்தார்கள். எனக்குச் சாமியிடம் கேட்க அதிகம் இருந்ததில்லை. அண்ணனுக்கு அன்று அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டிப் போடத் தோன்றாமல் இருந்ததற்கு மட்டும் இன்றைக்கும் விளக்கேற்றும்போது கும்பிட்டுக்கொள்கிறேன். எனக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் அந்த மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் பாயை விரித்து, "உக்காருங்க மச்சான்" என்று சொன்னவர் என் வீட்டுக்காரர்தான்.